ரோஜாவைக் கழுவினவள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதை முன்பின்னாகச் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பதறுகிறது.

ஜமீன் அரண்மனையைச் சுற்றுலாவுக்காகப் புதுப்பித்தார்கள். நான் அங்கே தோட்டக்காரி. வாசல் அறையில் தனியாகக் கிடப்பேன், செடிகளோடுதான் பேச்சு.

சித்திரை வெயிலில் ரோஜாக்கள் கருகின. மேனேஜர் ராஜமனோகர் வந்தார்.

"ஏ ஆவுடை, வெள்ளிக்கிழமை கலெக்டர் வர்றாங்க. எல்லாம் பூத்திருக்கணும். இல்லன்னா அறையைக் காலி பண்ணு."

"நாலு நாள்ல எப்படி சார்?"

"அப்ப நான் பூக்க வைக்கேன், பாரு."

மறுநாளே என் செடிகளைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் ரோஜாக்களை நட்டார். "நீயா வாயைத் திறக்காத. பூவில ஒரு தூசி இருக்கக் கூடாது. அதான் உன் வேலை."

அன்றிலிருந்து பேச்சுக்குச் செடியும் இல்லை.

வெள்ளிக்கிழமை கலெக்டர் அம்மா பூக்களைப் பார்த்து அதிசயித்தார். "எல்லாம் என் மேற்பார்வை மேடம்" என்றார் மேனேஜர். நான் சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டுபோய் ஒவ்வொரு பூவாகத் தேய்த்தேன்.

"என்னம்மா செய்றீங்க?"

"தூசி இருக்கக் கூடாதுன்னு சார் உத்தரவும்மா."

கலெக்டர் ஒரு செடியை இழுத்தார். வேரில்லாமல் கையோடு வந்தது.

"இவரை என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

வெளியே அனுப்பினால் கறுவிக்கொண்டு வருவாரே! "நெசச் செடி வச்சு, பூக்கிற வரைக்கும் சாரே தண்ணி ஊத்தட்டும்மா. என்னை மட்டும் அறையைக் காலி பண்ணச் சொல்லாம இருந்தாப் போதும்."

"சரி. அதுவரை இவங்களை யாரும் அறையை விட்டு வெளியேத்தக் கூடாது."

இப்போது தினமும் மேனேஜர் குடத்தோடு வருகிறார், முணுமுணுத்தாலும் பேசுகிறார். இன்று காலை முதல் மொட்டு விட்டிருந்தது. அவர் வருவதற்குள் கிள்ளி எறிந்துவிட்டேன்.