கொள்ளிடத்து மணல் வரி

கண்ணாடியைச் சூளையில் இளக்கி, கட்டடங்களுக்குச் சுவர் செய்பவள் நஸ்ரீன். இருபது வருடமாக அதுதான் வேலை. இலை நரம்பு, மரப்பட்டை, மழை விழுந்த குளம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கண்ணாடிக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர், ஆரோக்கியராஜ். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

அந்த முறை ஒரு மருத்துவமனைக் கூடத்துக்கு ஆளுயரக் கண்ணாடிச் சுவர். கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்த மணலில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது. அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார்கள். அச்சின்மேல் கண்ணாடியைக் கிடத்திச் சூளையை மூடினார்கள். இளகிய கண்ணாடி ஆறுவதற்கு மூன்று நாள் ஆகும். அதுவரை திறக்கக் கூடாது; வெளிக்காற்று பட்டால் வெடித்துவிடும்.

இரண்டாம் நாள் நஸ்ரீன் வெளியே போயிருந்தாள். ஆரோக்கியராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூடியை நாலு விரற்கடை தூக்கிப் பார்த்தார்.

‘டக்’ என்றது.

அவள் திரும்பி வந்தபோது சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“திறந்துட்டேன் டீச்சர். ரெண்டாப் போச்சு. திறப்பு விழாவுக்கு இருபது நாள்தான் இருக்கு. உங்க பேரையே கெடுத்துட்டேன். நான் கிளம்புறேன்.”

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். கண்ணாடி குறுக்கே பிளந்து கிடந்தது. அச்சும் சூட்டில் பொரிந்து உதிர்ந்திருந்தது.

“உடையறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா சார்?”

“ஒரு நொடி பார்த்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“தண்ணி இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு.”

“கொடுத்து வச்சவர். சூளைக்குள்ள இருக்கறப்ப நான் ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல” என்று சிரித்தாள். “பையை இறக்கி வச்சிட்டு வண்டியில ஏறுங்க.”

பிளாஸ்டர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

கொள்ளிடத்தில் இறங்கியதும் பழைய இடத்துக்கு ஓடினார். இடையில் ஒருநாள் தண்ணீர் வந்து போயிருந்தது. அந்த வரிகள் இல்லை. வேறு வரிகள் இருந்தன. சின்னச் சின்னதாக, ஒரு பக்கம் சாய்ந்து.

“டீச்சர், நம்மளது இல்லையே! எவ்வளவு அழகா இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சிருச்சே இந்த ஆறு!”

நஸ்ரீன் அதற்குள் மணலில் மண்டியிட்டிருந்தாள்.

“இதுவும் நல்லாத்தானே போட்டிருக்கு சார். பிளாஸ்டரைக் கரைங்க.”