இருபத்தேழு மணி

விருத்தாசலத்தில் குமுதவல்லி நகர் என்று ஒரு குடியிருப்பு. மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. முப்பத்தெட்டு வீட்டில் சாதாரண ஜனங்கள் இருந்தார்கள். மீதி நாலு வீட்டில் நலச் சங்கத்து நிர்வாகிகள் இருந்தார்கள். இந்த நாலு பேரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்களுக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

சங்கத்தின் பொருளாளர் பொன்னுரங்கம். பத்திரப் பதிவு ஆபீசில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். மேலே இருப்பவர் சொன்னதைச் சொன்னபடி செய்வார். சொல்லாததைச் செய்ய மாட்டார். அந்த முப்பத்தாறு வருஷத்தில் அவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. தானாக எதையாவது செய்திருந்தால்தானே வருவதற்கு?

அவருடைய ஒரே மகள் மங்கையர்க்கரசிக்கு ஓசூரில் வேலை. தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கியதும் மனைவி செண்பகம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஓசூருக்குப் புறப்பட்டாள். பொங்கலுக்கு மாப்பிள்ளை தினகரன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. சேதியெல்லாம் அதிலேயே வந்துவிடும்படி அவர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். மாமனாருக்கு ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொல்லியிருந்தார்: தெரியாத எதையும் தொட்டுவிடக் கூடாது.

செண்பகம் ஆட்டோவில் ஏறிய பிறகு தலையை வெளியே நீட்டினாள். "கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே இருங்க. சேதி வந்ததும் கிளம்பி வந்துடுங்க."

பொன்னுரங்கம் உள்ளே வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், பார்க்க ஆரம்பித்தார்.

நன்றாகவே பார்த்தார். சங்கத்துச் செயலாளர் ஆராவமுதன் வீட்டிலிருந்து வந்த தயிர்சாதத்தைத் தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டார். குளிக்கப் போகும்போது துணைத்தலைவர் சவரிமுத்துவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார். படுக்கும்போது முகம் அந்தப் பக்கமே இருக்கும்படி பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அடுப்படியில் சார்ஜில் கிடந்த செல்போன் செவ்வாய்க்கிழமை முழுக்க விட்டுவிட்டு அடித்தது. எழுந்து போய் எடுத்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் சேதி வந்துவிட்டால்? முதல் பேரக்குழந்தை. அந்தச் சேதியைத் தவறவிட அவருக்கு மனசில்லை.

புதன்கிழமை காலையில் திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு மணி முளைத்திருந்தது. கோயில் மணி மாதிரி. அதன் தலைமேல் சிவப்பாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் 4. பக்கத்தில் குறுக்குக்கோடு போட்ட ஒரு மேகம்.

இது என்னவென்று பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. தெரியாததைத் தொடக் கூடாது. கண்ணைத் திரையில் வைத்தபடி வாயை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பித் தலைவரைக் கூப்பிட்டார்.

தலைவர் கஜபதி ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கூட்டம் போடாமல் கொசுவைக்கூட அடிக்க மாட்டார். அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் ஆராவமுதன் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார். அவர் தமிழாசிரியராக இருந்தவர், எந்தச் சொல்லுக்கும் நேர்ப்பொருளை விட்டு நகர மாட்டார். துணைத்தலைவர் சவரிமுத்து மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அவர் டெஸ்டரோடு வந்தார்.

சவரிமுத்து திரையின் மூலையில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, மணியில் கரண்ட் இல்லை என்று தெரிவித்தார். மேகத்தின் மேல் கோடு போட்டிருப்பதால் இன்றைக்கு மழை கிடையாது என்றும் சொன்னார். மழை பெய்யவில்லை. எல்லோருக்கும் அவர் மேல் மரியாதை கூடியது.

ஆராவமுதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது மணி. இது நாலு. சேர்த்து வாசியுங்கள். நாலு மணி."

சுவர்க்கடிகாரம் பத்தேகால் காட்டியது. அப்படியானால் சாயங்காலம் நாலு மணிக்கு என்னவோ நடக்கப் போகிறது என்று கஜபதி முடிவு சொன்னார். நாலு பேரும் காத்திருந்தார்கள். சரியாக நாலு மணிக்குப் பால்காரர் வந்தார். "நாலு மணிக்குப் பால் வந்தது. அறிவிப்பு சரி" என்று ஆராவமுதன் எழுதிக்கொண்டார்.

மறுநாள் வட்டத்துக்குள் 11 இருந்தது. பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. பொன்னுரங்கம் அரைமணி நேரம் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாலும், கம்ப்யூட்டரின் தீர்க்கதரிசனத்தை எண்ணி வியந்தார். வெள்ளிக்கிழமை 14. மற்றவர்கள் முழித்தார்கள். கஜபதிக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. ரயில்வே கணக்கில் பதினாலு என்றால் பிற்பகல் இரண்டு. இத்தனை வருஷம் கழித்துத் தன் உத்தியோகத்துக்கு மதிப்புக் கொடுக்கும் ஓர் இயந்திரத்தைப் பார்த்து அவர் கைகூப்பினார். இரண்டு மணிக்கு எதுவும் நடக்கவில்லை. இரண்டேகாலுக்குச் சவரிமுத்து வாசற்படியில் வழுக்கி விழுந்தார். கால் மணி நேரத்தையெல்லாம் தாமதமாகக் கருதுவது தன் வழக்கமில்லை என்று கஜபதி சொல்லிவிட்டதால் அதுவும் சரி என்றே பதிவானது.

சனிக்கிழமை காலையில் 27.

கஜபதிதான் முதலில் வாயைத் திறந்தார். "இருபத்துநாலுக்கு மேலே மணி கிடையாது. முப்பத்தொரு வருஷம் நான் மணி பார்த்தவன்."

"அப்ப மூணு மணி நேரம் அதிகமா இருக்கு" என்றார் சவரிமுத்து. "அது எங்கேருந்து வந்துச்சு?"

ஆராவமுதன் யோசித்தார். "நாளையிலிருந்து எடுத்திருக்கும்."

"எடுத்திருந்தா, நாளைக்கு இருபத்தோரு மணி நேரந்தானே இருக்கும்?"

"அவ்வளவுதான் இருக்கும்."

பொறுப்புள்ள நிர்வாகம் இதை மறைக்க முடியாது. பதினைந்து நிமிஷத்தில் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டப்பட்டது: "ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் குறைவாக இருக்கும். குடியிருப்போர் முன்கூட்டியே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும். இப்படிக்கு, தலைவர்." முப்பத்தெட்டு வீட்டு ஜனங்களும் இரண்டாவது வரியை மட்டும் படித்துவிட்டுத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நகரில் நிர்வாகம் சௌகரியமாக நடந்ததற்கு அதுதான் காரணம்.

பொன்னுரங்கத்துக்கு நாளையைப் பற்றிக் கவலை இல்லை. ஐந்து நாளாக இமைக்காமல் பார்த்ததில் அவர் கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தது. "மணியெல்லாம் வருது, மேகம் வருது. ஓசூர்லேருந்து ஒரு சேதி வரலையே" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது.

மற்ற மூவருக்கும் அது மனசைத் தொட்டது. ஆராவமுதன் திரையை மறுபடி ஆராய்ந்தார். மணி மூலையை அடைத்துக்கொண்டு நிற்பதால் பின்னால் வரும் சேதிக்கு வழியில்லாமல் போயிருக்க வேண்டும் என்றார். மணியை நீக்கினால் சேதி தானாக வந்து விழும். இதற்கிடையில் சவரிமுத்து அடுப்படிக்குள் போய்ச் செல்போனை விரல் நுனியில் தூக்கிவந்தார். அதிலும் சின்னதாக ஒரு குறி, பக்கத்தில் 19. கம்ப்யூட்டரில் இருந்தது செல்போனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நோய் மேலே பரவாதிருக்க அதை அரிசி டிரம்மில் புதைத்து மூடி போட்டார்கள். சற்று நேரத்தில் அரிசிக்குள்ளிருந்து மங்கலாக மணியடிக்கும் சத்தம் கேட்டது. அரிசி நோயை இழுக்கத் தொடங்கிவிட்டது என்று சவரிமுத்து விளக்கினார்.

பிறகு கஜபதி தன் செல்போனிலிருந்து கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவரைக் கூப்பிட்டார். இருபத்தேழு மணியைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த மனிதருக்குக் கடையில் கூட்டம். பாதியிலேயே மறித்து, "அணைச்சு ஒரு அஞ்சு நிமிஷம் வைங்க சார். அப்புறம் போடுங்க. சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கூட்டம் மறுபடி கூடியது.

அணைத்தல் என்றால் தழுவுதல் என்று ஆராவமுதன் தெளிவுபடுத்தினார். தாய் சேயை அணைப்பது போல. யார் அணைப்பது என்பதில் சின்னச் சிக்கல் எழுந்தது. சங்கத்தின் சார்பில் தலைவரே அணைக்கலாம் என்று கஜபதி முன்வந்தார். ஆனால் உரிமையாளர் இருக்கும்போது அடுத்தவர் அணைப்பது முறையல்ல என்று ஆராவமுதன் ஆட்சேபித்தார். ஆகவே பொன்னுரங்கமே எழுந்து, திரையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற உத்தரவும் இருந்ததால், மோவாயை அதன் விளிம்பில் ஊன்றி, தலையைக் கவிழ்த்து, திரையைத் தலைகீழாகப் பார்த்தபடி நின்றார்.

கஜபதி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். திரை வெதுவெதுவென்று இருந்தது. மங்கையர்க்கரசி பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தபோது இதே சூடுதான் என்று பொன்னுரங்கத்துக்குத் தோன்றியது. இந்நேரம் அவளுக்கு என்ன ஆனதோ. அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, தலைகீழாகத் தெரிந்த மணியின் மேல் வழிந்தது.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார் கஜபதி. "போடுங்க."

பொன்னுரங்கம் தயங்கினார். எவ்வளவு உயரத்திலிருந்து போடுவது? கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. மின்கம்பத்து உயரம் இருந்தால் வேலை சுத்தமாக முடியும் என்றார் சவரிமுத்து. அது அதிகம் என்று நிராகரிக்கப்பட்டது. மார்பு உயரம் போதும் என்று முடிவானது. கீழே ஒரு மெத்தையைப் போடலாமா என்று பொன்னுரங்கம் கெஞ்சலாகக் கேட்டார்.

"கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார்" என்றார் ஆராவமுதன். "மெத்தையைப் போடச் சொல்லவில்லை."

பொன்னுரங்கம் போட்டார்.

மணி போய்விட்டது. இருபத்தேழு போய்விட்டது. மேகமும் கோடும் போய்விட்டன. கண்ணாடியில் பாதி நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. "கோளாறு முற்றிலும் நீக்கப்பட்டது" என்று ஆராவமுதன் எழுத, ரிப்பேர் கடைக்காரரைப் பாராட்டி ஒரு தீர்மானமும் நிறைவேறியது. இத்தனை எளிதாக முடியும் வேலைக்குக் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறானே என்று கஜபதி கொஞ்சம் வருத்தப்பட்டார்.

திரையை நிமிர்த்தி மேஜைமேல் வைத்தார்கள். வழி திறந்துவிட்டதால் சேதி எப்போது வேண்டுமானாலும் வரலாம். பொன்னுரங்கம் மறுபடி உட்கார்ந்து பார்த்தார். ஞாயிறு பார்த்தார், திங்கள் பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் சேதி வராமல் போகவே, மனசு கேட்காமல் தபாலில் ஒரு கடிதம் எழுதிப் போட்டார்: "இங்கு யாவரும் நலம். கம்ப்யூட்டரும் பூரண குணம். சேதி ஏதும் இருந்தால் கம்ப்யூட்டரில் தெரிவிக்கவும்."

கடிதம் போய்ச் சேர்வதற்குள், வெள்ளிக்கிழமை மத்தியானம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. செண்பகம் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மங்கையர்க்கரசி மெதுவாக இறங்கினாள். அவள் கையில் துணிச்சுருள். துணிச்சுருளுக்குள் எட்டு நாள் வயசில் ஒரு பையன்.

நடந்ததெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமையே வலி கண்டுவிட்டது. போனை யாரும் எடுக்காததால் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை காலையில் குழந்தை பிறந்தது, அதையும் அனுப்பினார்கள். போட்டோ ஆறு. கிளம்பி வாங்க என்று ஒன்பது தடவை. இருபத்தேழாவது, "உயிரோட இருக்கீங்களா?" அதற்கும் பதில் வராமல் செண்பகம் பால்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறாள். ஐயா நல்லாத்தான் இருக்காரு, நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ பார்த்துக்கிட்டிருக்காரு என்று அவர் சொன்ன பிறகு அவள் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை.

செண்பகம் உடைந்த திரையைப் பார்த்தாள். அதன் எதிரில் நாற்காலியிலேயே இருந்த புருஷனைப் பார்த்தாள்.

"பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்களா?"

"கண்ணை எடுக்கலை" என்றார் பொன்னுரங்கம்.

மங்கையர்க்கரசிதான், பாவம் அப்பா என்று குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகப் பொன்னுரங்கம் வேறொன்றைப் பார்த்தார். குழந்தை வாயைக் குவித்துக்கொண்டு அசந்து தூங்கியது.

தாயும் மகளும் கைகால் கழுவப் பின்கட்டுக்குப் போன நேரத்தில், வாழ்த்துச் சொல்ல நிர்வாகிகள் வந்து சேர்ந்தார்கள். நாற்காலியைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். சவரிமுத்துதான் முதலில் கவனித்தார். குழந்தையின் வலது கன்னத்தில் வட்டமாக, கறுப்பாக ஒரு பொட்டு.

"இது எப்ப வந்துச்சு?"

பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. மங்கையர்க்கரசி பிறந்தபோது இப்படி எதுவும் வந்ததாக நினைவில்லை. அவள் கன்னத்தை அவர் பார்த்ததெல்லாம் ஆபீஸ் முடிந்து வந்த பிறகுதான். அதற்குள் துடைத்திருப்பார்கள்.

"எண் ஒன்றும் இல்லை" என்று ஆராவமுதன் கண்ணாடியை ஏற்றினார். "வட்டம் மட்டும் இருக்கிறது."

தெரியாததைத் தொட வேண்டாம் என்று பொன்னுரங்கம் முணுமுணுத்தார். அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் என்று கஜபதி தீர்ப்புச் சொல்ல, சவரிமுத்து ஆள்காட்டி விரலை நீட்டிப் பொட்டின் நடுவில் பக்குவமாக ஓர் அழுத்து அழுத்தினார்.

குழந்தை வீறிட்டது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கேட்டது.

ஆராவமுதன் தீர்மானப் புத்தகத்தை விரித்து, "ஒலி நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதினார். பிறகு சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். மற்ற மூவரும் குழந்தையைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னொரு வரியையும் சேர்த்தார்: "சத்தத்தைக் குறைக்கும் பொட்டு எங்கே உள்ளது என்று தாயாரிடம் எழுத்துமூலம் கேட்கவும்."