பூச்சுக்கு முந்தின நாள்

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தபோது சாமி வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்தார். குழாயை மூடவில்லை.

இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் இந்த மடத்துப் பெரியவரிடம் ஒன்றாகப் பாடம் கேட்டவர்கள். ஆவுடையப்பன் கல்யாணம் செய்துகொண்டு தென்காசிக்குப் போனார். மற்றவர் இங்கேயே இருந்துவிட்டார். பெரியவர் காலமான பின் ஊரார் அவரைச் சாமி என்றார்கள். ஆவுடையப்பனும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டார். மனசில் ஏதாவது சிக்கினால் பஸ் ஏறி வந்துவிடுவார்.

"என்ன வே, முகம் சரியில்ல?"

ஆவுடையப்பன் வீடு கட்டுகிறார். சுவர் எழுந்துவிட்டது. மறுநாள் பூச்சு. கரண்ட் ஒயருக்கெல்லாம் பைப் பதித்தாயிற்று. மிச்சம் இருப்பது சின்ன ஒயர்கள். காலிங் பெல், கேமரா, இன்டர்நெட். அதற்கும் பைப் வேண்டுமா, அப்படியே சுவரில் வைத்துப் பூசிவிடலாமா? எலக்ட்ரீசியன் பூசிவிடலாம் என்கிறான். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது. பைப் என்றால் மறுபடி சுவரைக் கொத்த வேண்டும், பூச்சு தள்ளிப்போகும். பின்னால் ஒயரை மாற்ற வசதி, பைப் போடு என்கிறாள் மனைவி.

"வீட்டுக்காரி சொல்லியாச்சு. பிறகு என்னத்துக்கு இங்க வந்தீரு?"

ஆவுடையப்பன் வாழைக் கன்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மகன் கோமதிநாயகம் போன வாரம் போன் செய்தானாம். கனடாவிலேயே இருந்துவிடப் போகிறானாம். மாடி அறை அவனுக்கென்று கட்டியது. அதை வாடகைக்கு விட்டுருங்கப்பா என்றானாம்.

"என் காலத்துக்கு எது தாங்குமோ அது போதும் சாமி. பைப்பெல்லாம் பின்னால ஆள் இருக்கிறவனுக்கு."

சாமி குழாயை மூடினார். கையை வேட்டியில் துடைத்தார்.

"வாரும்."

பெரியவர் அறை. கட்டில் அப்படியே கிடந்தது. தலைமாட்டுச் சுவரில் ஒரு கறுப்புப் பொத்தான். பக்கத்தில் எண்ணெய்க் கறை. பெரியவர் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பாடம் சொல்வார். தலை பட்டுப் பட்டு ஊறிய கறை அது. வருஷா வருஷம் மடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

"அமுக்கும்" என்றார் சாமி.

ஆவுடையப்பன் பொத்தானை அமுக்கினார். அமுக்கிவிட்டு, தன்னை அறியாமல் அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை.

டார்ச் செல்லில் ஓடும் மணி. இங்கே அமுக்கினால் அடுக்களையில் அடிக்கும். ஒரு தரம் அடித்தால் சுக்குக் காப்பி. நீட்டி அடித்தால் பாடம். விட்டு விட்டு அடித்தால் தோப்பில் மாடு புகுந்துவிட்டது. ஈரக் காலோடு ஓடிவந்து, நடையில் ஆவுடையப்பன் வழுக்கி விழாத நாள் குறைவு.

"சுக்கு வாசம் அடிக்கிற மாதிரியே இருக்கு சாமி."

"அடுப்புல ஒண்ணும் இல்ல. புது செல் போட்டுப் பாத்தாச்சு. ஒயரு உள்ள எங்கயோ அத்துப்போயிட்டு."

அந்த ஒயரைப் பதித்தது இவர்கள் இருவரும்தான். சுவர்மேல் ஓட்டினால் போதும் என்றார் பெரியவர். பார்க்க நன்றாக இருக்காது என்று இவர்கள் கேட்கவில்லை. சுண்ணாம்புச் சுவரைக் கீறி, ஒயரை வைத்து, மேலே பூசி, வழவழவென்று தேய்த்துவிட்டார்கள். பெரியவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். ஒயர் எங்கடா என்றார். அன்றைக்கு இருவருக்கும் தரையில் கால் பாவவில்லை.

சாமி உளியும் சுத்தியலும் கொண்டுவந்து நீட்டினார்.

"கொத்தி எடும். புதுசு போட்டுருவோம்."

ஆவுடையப்பன் பொத்தானிலிருந்து விரலால் சுவரைத் தடவிக்கொண்டே போனார். மேலே ஒரு சாண். பிறகு இடப்பக்கம். பதித்த கைக்கு வழி மறக்கவில்லை. விரல் எண்ணெய்க் கறையில் வந்து நின்றது. ஒயர் அதற்கு உள்ளேதான் போகிறது.

உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். கை இறங்கவில்லை. கட்டிலில் உட்காரப் போனார். யார் கட்டில் என்பது நினைவுக்கு வந்து, தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே பைப் போட்டிருக்கணும்" என்றார்.

சாமி உளியை வாங்கி ஓரமாக வைத்தார். வெளியே போய் ஒரு நூல்கண்டோடு வந்தார். கொத்தனார்கள் சுவருக்கு நூல் பிடிப்பார்களே, அந்த நைலான் நூல். மதில் கட்டியபோது மிஞ்சியது. ஆவுடையப்பன் மடியில் போட்டார்.

"பைப் போடும். ஒயரை இழுக்கையில இதையும் சேத்து உள்ள விட்டு வையும். ரெண்டு நுனியிலயும் ஒரு குச்சியைக் கட்டும், உள்ள போயிராம."

"ஒயருதான் உள்ள கிடக்கே. நூல் எதுக்கு?"

"அது ஒரு நாள் கெட்டுப்போகும்லா. அடுத்த ஒயரை நூல்ல கட்டி இழுத்தா வந்துரும். இழுக்கிறவன் சுவரைத் தொட வேண்டாம்."

ஆவுடையப்பன் நூலை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"யாரு சாமி இழுக்கப் போறா? பெத்த பிள்ளையே வரமாட்டேன்னுட்டான்."

சாமி அந்தக் கறையைப் பார்த்தபடி நின்றார்.

"பெரியவருக்கு நீரும் நானும் பெத்த பிள்ளைகளா வே?"