குடத்துக்குள்ள பேர் சொல்லாதது

ஒரு ஊரு. எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொன்னா அந்த ஊர்க்காரங்க நம்மகிட்ட சண்டைக்கு வந்துடுவாங்க. அந்த ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருந்தாங்க. பெரியவன் பெண்டாட்டி மூக்காயி, சின்னவன் பெண்டாட்டி சிட்டம்மா. ஊரே அவளைச் சிட்டு சிட்டுன்னு கூப்பிடும், மூக்காயி மட்டும் கூப்பிடமாட்டா. "பின்வீட்டுக்காரி"ம்பா, "அவ"ம்பா, ரொம்பக் கோவம் வந்தா "அது"ம்பா. பேரைச் சொன்னா நாக்கு தேஞ்சுபோகும்னு நெனப்பு.

ஏன் அவ்வளவு கோவம்? ஒண்ணுமே இல்ல. சிட்டு சிரிச்சா எல்லாரும் சிரிப்பாங்க, அவ்வளவுதான். சிலபேருக்கு அதுவே தாங்காது.

மாமியா கண்ண மூடினதும் பாகம் பிரிச்சாங்க. காரைவீடு மூக்காயிக்கு, கிணறு மூக்காயிக்கு, ரெண்டு காளையும் புதுசா இரும்புப்பட்டா அடிச்ச வண்டியும் மூக்காயிக்கு. சிட்டுக்கு என்ன? பின்னாடி ஒரு கூரைவீடு, அதுக்குப் பின்னாடி வெறும் கல்லுத் தரை. அதுபோதாதுன்னு, பழைய வண்டியோட உடைஞ்ச சக்கரம் ஒண்ணு கொட்டகையில கிடந்துச்சு, அதை மூக்காயி காலால உருட்டித் தள்ளி, "இந்தா, இதுவும் உன் பங்குதான், அடுப்புக்காவது ஆகும்"னு சொன்னா. சொல்லிட்டு அன்னைக்கு ஒரு கவளம் கூடுதலாச் சாப்பிட்டா.

சிட்டும் அதை அடுப்புக்குத்தான் வெட்டப் போனா. கோடாலியை ஓங்கினா, ஓங்கினவ அப்படியே நின்னுட்டா. பன்னெண்டு ஆரக்கால்ல ஆறு போயிடுச்சு, ஆறு மிச்சம் இருந்துச்சு. ஆறு காலுக்கு நடுவுல ஆறு அறை. "இதென்ன, பாத்தி கட்டி வெச்ச மாதிரியே இருக்கே"ன்னு சொல்லி, கோடாலியைப் போட்டுட்டு மண்வெட்டியை எடுத்தா. கல்லைப் பொறுக்கினா, தரையை ஒரு சாண் தோண்டினா, சக்கரத்தைப் படுக்கப் போட்டு அமுக்கினா. அப்புறம் ஓடைமணல் கொஞ்சம், செம்மண் கொஞ்சம், மக்கின சாணி கொஞ்சம்னு, எந்தச் செடிக்கு எது பிடிக்குமோ அதைக் கலந்து ஒவ்வொரு அறையாக் கொட்டினா. ஒண்ணுல துளசி, ஒண்ணுல ஓமவல்லி, ஒண்ணுல புதினா, ஒண்ணுல கீழாநெல்லி, ஒண்ணுல கரிசலாங்கண்ணி, கடைசி அறையில ஒரு குச்சி நட்டுத் தூதுவளையை ஏத்திவிட்டா.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், தூங்காமக் கேளுங்க. சக்கரத்துக்கு நடுவுல உருண்டையா ஒரு கட்டை இருக்கும், ஆரக்கால் எல்லாம் அதுலதான் போய்ச் சொருகியிருக்கும். அதுக்குப் பேரு குடம். தண்ணிக்குடம் இல்ல, வண்டிக்குடம். சிட்டோட சக்கரத்துல அந்தக் குடம் இத்துப்போய், உள்ள கை நுழையற அளவுக்குப் பொந்தா இருந்துச்சு. காலையில ஓடையிலருந்து ஒரு நடை தண்ணி கொண்டாந்து அந்தப் பொந்துல ஊத்துவா, அது விரிசல் வழியாக் கசிஞ்சு ஆறு அறைக்கும் போகும். பொந்து எப்பவும் சொதசொதன்னு இருக்கறதைப் பாத்து, தாய்வீட்டுலருந்து முந்தியில முடிஞ்சு கொண்டாந்த ஒரு கிழங்கை அதுல ஊணினா.

என்ன கிழங்கா? பிள்ளை வயிறு உப்பி அழுதா விளக்குல சுட்டு, உரசி, நாக்குல ஒரு பொட்டு வெப்பாங்களே, அது. விளக்கு வெச்ச பெறகு அதைப் பேர் சொல்லக்கூடாது. சிட்டு பொறந்த ஊர்ல பகல்லயே சொல்லமாட்டாங்க. "பேர் சொல்லாதது"ன்னுதான் சொல்லுவாங்க.

மழை ஒண்ணு பெஞ்சுது பாருங்க, சக்கரம் பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு. அப்புறம் ஆளுக வர ஆரம்பிச்சாங்க. சிட்டு வீட்டுக்குப் போகணும்னா மூக்காயி வாசலைத் தாண்டித்தான் போகணும்.

முதல்ல ஆட்டுக்கிடை போடற கிடைக்காரன் ஒருத்தன் இருமிக்கிட்டே வந்தான். மூக்காயி, "எங்கய்யா போற?"ன்னு கேட்டா. "சிட்டு சக்கரத்துக்கு ஆத்தா"ன்னான். அப்புறம் குயவர் வீட்டுப் பொம்பளை கண்ணெல்லாம் மஞ்சளா வந்தா. "எங்கடி போற?" "சிட்டு சக்கரத்துக்கு மதினி." அப்புறம் கைப்பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தி ஓடி வந்தா. "நீ எங்கடி போற?" "சிட்டு சக்கரத்துக்குத்தான், வேற எங்க போவேன்?" சொல்லிக்கிட்டே நிக்காமப் போயிட்டா.

மூக்காயிக்கு வயிறு எரிஞ்சுது. "அவ சக்கரமா? என் கொட்டகையில கிடந்த சக்கரம்! என் காலால உருட்டிவிட்ட சக்கரம்!"னு சுவத்தைப் பாத்துச் சொன்னா. அவளையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. ஒன்பது வருஷம் விரதம் இருந்து அப்பத்தான் ஒரு பொம்பளப்பிள்ளை பெத்திருந்தா, மூணு மாசம் ஆயிடுச்சு. பிள்ளைக்குப் பட்டுத்துணி கட்டி, பொட்டு வெச்சு, வாசல்ல தொட்டில் போட்டு, ஊரு வந்து பாக்கும்னு உக்காந்திருந்தா. ஊரு தொட்டிலைத் தாண்டிப்போய்ப் புதினாவைப் பாத்துட்டு வந்துச்சு. வலிக்கத்தானே செய்யும்? வலிச்சா அழணும். அவ அழலை, யோசிச்சா.

"உடைஞ்ச சக்கரத்துக்கே இந்தப் பவிசுன்னா, நல்ல சக்கரத்துக்கு எப்படி இருக்கும்!"னு சொல்லி, புருஷன் அசந்த நேரமாப் பாத்து, புது வண்டிக்கு முட்டுக் கொடுத்து, அச்சாணியைத் தட்டி எடுத்து, ஒத்தை ஆளா ஒரு சக்கரத்தைக் கழட்டி முற்றத்துல புதைச்சா. பொறாமை வந்தா உடம்புக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வருமோ. "அறுப்புக்கு ரெண்டு மாசம் கிடக்கு, அதுவரைக்கும் வண்டியை யாரு பாக்கப்போறா"ன்னு நெனச்சா. பன்னெண்டு அறை, பன்னெண்டு செடி. புருஷன் கேட்டதுக்கு, "இதுவும் கொட்டகையில கிடந்த பழைய சக்கரம்தான்"னு சொல்லிட்டா. கிணத்துத் தண்ணியைக் காலையில ஊத்தினா, மத்தியானம் ஊத்தினா, சாயங்காலம் ஊத்தினா. நடுவுல அழகுக்கு ஒரு செம்பைக் கவுத்து வெச்சா. எட்டே நாள்ல எல்லாம் அழுகி நாத்தம் எடுத்துச்சு. சக்கரமும் ஊறி, ஆரக்கால் எல்லாம் விட்டுப்போச்சு. மேல ரெண்டு கூடை வைக்கோலைப் போட்டு மூடிட்டா.

அப்புறம் தன்னோட வெள்ளாட்டைக் கூப்பிட்டா. அந்தக் காலத்துல ஆடு பேசும். இப்பவும் பேசுது, நமக்குத்தான் கேக்க நேரமில்ல. "போ, வேலி இடுக்கு வழியாப் போய் அவ சக்கரத்தை மேஞ்சுட்டு வா, ஒரு இலை மிச்சம் வெக்காதே"ன்னா. ஆடு போச்சு, வயிறு முட்ட மேஞ்சுது, வந்துச்சு. பத்து நாள் கழிச்சு மூக்காயி வேலிக்கு மேல மூக்கை நீட்டிப் பாத்தா, நுனி கடிபட்ட இடத்துல எல்லாம் நாலு நாலு கொழுந்து விட்டு, முன்னைக்கு இப்ப ரெண்டு மடங்கு தழைச்சு நிக்குது.

"ஏய் ஆடே, எல்லாத்தையும் தின்னியா?"

"தின்னேன்."

"ஒண்ணுவிடாமத் தின்னியா?"

"ஒண்ணே ஒண்ணைத் தின்னலை. குடத்துல இருக்கறதை."

"குடத்துல என்ன இருக்கு?"

"பேர் சொல்லாதது. சிட்டு தினம் எழுந்ததும் அதுகிட்டத்தான் முதல்ல போய் நிக்கறா. அதை என்னால மோந்துகூடப் பாக்க முடியலை."

மூக்காயி கடலோரத்துக்காரி. அவ பொறந்த ஊர்ல தோணிதான் உண்டு, வண்டி கிடையாது. வாக்கப்பட்டு வந்து ஒன்பது வருஷமா வண்டியில ஏறி உக்காந்தாளே தவிர, ஒருநாளும் குனிஞ்சு சக்கரத்தைப் பாத்ததில்ல. குடம்னா அவளுக்குத் தண்ணிக்குடம்தான் தெரியும். அந்தக் கிழங்கையும் அவ ஊர்ல பிள்ளைமருந்துன்னுதான் சொல்லுவாங்க, அதுவும் காஞ்ச துண்டாத்தான் பாத்திருக்கா. இப்ப அவ மனசு எப்படி ஓடியிருக்கும்? "குடம். குடத்துக்குள்ள ஒண்ணு. அதுக்குப் பேர் சொல்லக்கூடாது. கள்ளன் காதுல விழக்கூடாதுன்னு பேர் சொல்லாம வெக்கறது எதை? பொன்னைத்தான்! அடி மாமியா, சாகும்போது சின்னவளுக்குத் தனியாக் குடுத்துட்டுச் செத்தியா? செடி வெச்சதெல்லாம் மேல்பூச்சா?"ன்னு நெனச்சா. நெனச்சதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். சிட்டு கெட்டிக்காரி இல்ல, வெறும் புதையல்காரின்னு ஆயிடுச்சு பாருங்க.

சந்தை அன்னைக்குச் சிட்டும் அவ புருஷனும் விடியக் கிளம்பிப் போனாங்க. உச்சிவெயில்ல பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு, மூக்காயி கடப்பாரையோட வேலியைத் தாண்டினா. துளசியைப் பிடுங்கினா, தூதுவளையைப் பிடுங்கினா, ஆறு அறையையும் கிண்டினா. குடம் இல்ல. நடுக்கட்டையை ஓங்கி ஒரு போடு போட்டா, அது ரெண்டாப் பொளந்துச்சு. உள்ள சேறு பூசின கிழங்கு ஒண்ணு, வேரும் முடியுமா. "த்தூ"ன்னு வேலிக்கு அந்தப்பக்கம் தன் குப்பைமேட்டுல வீசினா. இடுப்பளவு தோண்டினா. தோண்டத் தோண்டக் கல்லுதான் வந்துச்சு. அதுக்குள்ள பிள்ளை பசியில வீறிட்டு அழற சத்தம் கேட்டு, வேர்த்து வழிய ஓடினா. வெயில்ல நின்ன சூட்டோட பால் குடுக்கக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆத்திரத்துல மறந்து குடுத்துட்டா.

ஒரு நாழிகை ஆகலை, பிள்ளை வயிறு மத்தளம் மாதிரி உப்பிடுச்சு. காலை மடக்கி மடக்கி அழுதுச்சு. அழுது அழுது, அப்புறம் அழக்கூட முடியாம முனகிச்சு. மூக்காயி புருஷன்கிட்ட ஓடினா. "ஏய்யா, டவுனு வைத்தியர்கிட்டப் போகணும், வண்டியைப் பூட்டு!"ன்னு கத்தினா. புருஷன் காளையைப் பிடிச்சுக்கிட்டு ஓடிப்போய்ப் பாத்தா, வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது.

"சக்கரம் எங்கடி?"

மூக்காயி முற்றத்துல வைக்கோலைப் பாத்தா.

"பிள்ளைமருந்து இருந்தாப் போதும்யா"ன்னா மெதுவா. ஊர்ல அது யார் வீட்டுல இருக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

பிள்ளையைத் தூக்கிக்கிட்டுச் சிட்டு வாசல்ல போய் நின்னா. சிட்டு சந்தையிலருந்து அப்பத்தான் வந்திருந்தா, பின்னாடி சக்கரத்துக்கிட்ட முகத்துல கைவெச்சு உக்காந்திருந்தா. "ஏய்"ன்னா மூக்காயி. கேக்கலை. "ஏய், பின்வீடு"ன்னா. அதுவும் கேக்கலை. பிள்ளை கழுத்து தொங்கிப்போச்சு. அப்ப வந்துச்சு பாருங்க ஒரு சத்தம், "சிட்டூ! அடியே சிட்டூ! என் பிள்ளையைப் பாருடி!"ன்னு. மூக்காயி வாயிலருந்து சிட்டு பேரான்னு தெருவே எந்திரிச்சு வந்துடுச்சு.

சிட்டு ஓடி வந்து வயித்தைத் தொட்டுப் பாத்தா. "என்னக்கா இது!"

"பிள்ளைமருந்து குடுடி சிட்டு."

"அப்படின்னா?"

"சுட்டு நாக்குல வெப்பாங்களே, அந்தக் கிழங்கு."

"ஐயோ, பேர் சொல்லாததா? குடத்துல வெச்சிருந்தேனேக்கா! எந்தப் பாவியோ தோண்டிட்டுப் போயிட்டானே!"

"குடமா? எந்தக் குடம்?"

சிட்டு பொளந்து கிடந்த கட்டையை எடுத்துக் காட்டினா. "இதுதானேக்கா குடம்."

மூக்காயி அதைப் பாத்தா. தன் கையில இருந்த சேத்தைப் பாத்தா. சிட்டும் அந்தக் கையைப் பாத்தா. மூக்காயி பிள்ளையைச் சிட்டு மடியில போட்டுட்டு ஓடினா. தன் வீட்டுக் குப்பைமேட்டுல விழுந்து, சாணியும் சாம்பலும் எச்சிலையுமா ரெண்டு கையாலயும் வாரினா. கிடைக்காரன் வந்தான், குயவர் வீட்டுப் பொம்பளை வந்தா, கைப்பிள்ளைக்காரி வந்தா, மொத்த ஊரும் வந்துச்சு. பிள்ளை பொறந்ததுலருந்து யாரு வருவாங்கன்னு காத்திருந்தாளோ அத்தனை பேரும் அவ வாசல்ல நின்னாங்க. அவ முட்டிபோட்டுக் குப்பையைக் கிளறிக்கிட்டிருந்தா. "என்ன தேடறே மதினி?"ன்னு ஒருத்தி கேட்டா. "நான் சிட்டு வீட்டுலருந்து பிடுங்கி வீசினதைத் தேடறேன்"னு சொல்லி ஓன்னு அழுதா. ஒரு மாசத்துக்கு முன்னாடியே அழவேண்டிய அழுகை அது.

கிடைச்சுதான்னு கேக்கறீங்களா? கிடைச்சுது. ஆடுதான் ஒரு ஓரத்துல மூக்கைச் சுளிச்சுக்கிட்டு நின்னுச்சு, அந்த இடத்துல கைவிட்டா, வந்துடுச்சு. சிட்டு ஒரு நுனியைக் கிள்ளிச் சுட்டா, உரசினா, மூக்காயி பால்லயே குழைச்சுப் பிள்ளை நாக்குல ஒரு பொட்டு வெச்சா. ஊரே எட்டி எட்டிப் பாத்துச்சு. அப்புறம் பிள்ளை 'டர்ர்ர்'னு ஒண்ணு விட்டுச்சு பாருங்க, தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சாம்! சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க.

மிச்சக் கிழங்கைச் சிட்டு மூக்காயி கையில குடுத்து, "நீ தோண்டினே, நீயே நடு"ன்னா. குடம் பொளந்துபோச்சே, எதுல நடறது? முற்றத்துல புதைச்ச சக்கரத்துக் குடத்தை எடுத்து, உள்ள இருந்த இரும்பைக் கழட்டி, சிட்டு சக்கரத்து நடுவுல பதிச்சு, மூக்காயிதான் நட்டா. அறுப்புக்கு வண்டியில்லாம கதிர்க்கட்டு எல்லாம் அவ தலையிலயே வீடு வந்து சேந்துச்சு. தினம் காலையில தன் கிணத்துலருந்து தண்ணி கொண்டுபோய் ஊத்தினா, வாசலைத் தாண்டற ஆளுக "எப்படிப் போகணும்?"னு கேட்டா, "சிட்டு சக்கரம் இப்படி"ன்னு வழி காட்டினா. முதல்ல நாக்கு இழுத்துச்சு, அப்புறம் பழகிப்போச்சு.

அவ்வளவுதான் கதை. ஆடு அசை போடுது, சக்கரம் அசையாம கிடக்குது, நீங்க கண்ண மூடுங்க. குடத்துல இருக்கறதை விளக்கு வெச்ச பெறகு பேர் சொல்லக்கூடாது, விடிஞ்சு கேட்டாச் சொல்றேன். மனுஷங்க பேரை எந்த நேரமும் சொல்லலாம், வாய் நிறையச் சொல்லலாம்.