கொசுறுக்கு மயங்கிய கரடி

காட்டுக் குளத்தின் கரையில் மூன்று கடைகள் இருந்தன. அணில் இலுப்பைப் பூவை உலர்த்தி விற்றது. முள்ளம்பன்றி கிழங்கு விற்றது. நரி பலாக்கொட்டை விற்றது.

அங்கிருந்த கரடிக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். ஆனால் விடியும் முன்பே போய்ப் பொறுக்காவிட்டால் உதிர்ந்த பூவையெல்லாம் மான்கள் தின்றுவிடும். கரடியோ வெயில் சுள்ளென்று அடித்த பிறகும் புரண்டு படுக்கிற ரகம். அதனால் ஒரு துண்டுத் தேனடையைக் கொடுத்து அணிலிடம் பூ வாங்கித் தின்றது.

ஒருநாள் நரி, குரங்குகளை வேலைக்கு வைத்துப் பூவையும் கிழங்கையும் தன் கடையிலேயே குவித்தது. "என்கிட்ட வாங்கினா கை நிறையக் கொசுறு!" என்று கூவியது.

கொசுறு என்றதும் கரடிக்கு வாயெல்லாம் பல். "ருசி பார்க்கக் கொடு" என்று அணிலிடம் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும். வாங்குவது மட்டும் நரியிடம். இதில் தான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. மற்ற விலங்குகளும் அப்படியே செய்தன.

"அண்ணே, யாருமே வாங்கலைன்னா நான் கடையை மூடணும்" என்றது அணில்.

"மூடேன். எனக்கென்ன நஷ்டம்? அதான் நரி கடை இருக்கே."

அணில் மூடியது. முள்ளம்பன்றியும் மூடியது. உடனே நரி கடையில் கொசுறு நின்றது. பிறகு பூ நின்றது, கிழங்கும் நின்றது. பலாக்கொட்டை மட்டும் குவிந்து கிடந்தது.

"இலுப்பைப் பூ எங்கே?" என்று கேட்டது கரடி.

"அதுக்குக் குரங்குகளை விடியறதுக்குள்ள எழுப்பணும். அப்ப அணிலோட போட்டி இருந்தது, எழுப்பினேன். இப்ப எதுக்கு?"

"எனக்குக் கொட்டை பிடிக்காதே."

"பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போ" என்று நரி சிரித்தது.

கரடி மூச்சிரைக்க அணிலிடம் ஓடியது. "தங்கச்சி, மறுபடியும் கடை போடு. இனிமே உன்கிட்டயே வாங்கறேன்."

"நான் இப்ப நரி கடையில கொட்டை உரிக்கிறேன் அண்ணே. விடியும்போதே அங்க நிக்கணும். பூ எப்பப் பொறுக்குறது?"

கரடி இன்றும், முன்பு கொடுத்த துண்டுக்குப் பதில் முழுத் தேனடையையே நரியிடம் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி பலாக்கொட்டை தின்கிறது. வயிற்றில் வாயு வேறு.

அற்ப இனாமுக்கு ஆசைப்பட்டு மற்ற கடைகளை மூட வைப்பவர்கள், பிறகு தங்களுக்குப் பிடித்ததைத் தின்ன முடியாது. மிஞ்சிய கடைக்காரன் போடுவதைத்தான் தின்ன வேண்டும்.