வெற்றிலையில் ஒரு ராஜவிருந்து

செண்பகாபுரியில் அரியணையும் இருந்தது, வைஃபையும் இருந்தது. அது எந்த நூற்றாண்டு என்று ஆராயப் புகுந்தால் கதை நகராது. அங்கே அதிசூர பூபதி ராஜா. கொலுமண்டபச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை வைத்திருந்தார். பக்கத்து நாட்டு ராஜாவின் புது மீசையிலிருந்து மிளகு விலை வரைக்கும் இணையத்தில் உள்ளதையெல்லாம் அதில்தான் பார்ப்பார்.

அவருடைய மைத்துனர் வல்லபதேவர் கடல் கடந்து போய்த் திரும்பும்போது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கைபேசி வாங்கி வந்தார். சுவரில் பார்ப்பதையெல்லாம் இனிமேல் யானைமேல் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று சொல்லி நீட்டினார். சும்மா நீட்டவில்லை, துறைமுக அதிகாரி பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நீட்டினார்.

ராஜா அதை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போனார். மலைக்காட்டில் யானைமேல் இருந்து திறந்தால் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக வந்த பக்கத்தில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விட்டது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பாட்டரி தீர்ந்தது. வேட்டைக்கு வந்த ராஜா குனிந்த தலை நிமிராததால் மான்கள் அருகில் வந்து நிதானமாக மேய்ந்துவிட்டுப் போயின.

கொதித்துப்போய்த் திரும்பினார் ராஜா. வல்லபதேவர் முந்திக்கொண்டார். கருவி தங்கமானது, கோபுரத்தைக் கவனிக்கிறவள்தான் சரியில்லை என்றார். கோபுரத்தைக் கவனிக்கிறவள் வடிவுடையாள். அரண்மனை டவரும் கம்பிகளும் அவள் பொறுப்பு. பெரிய சுவருக்கென்று செய்த பக்கம் சின்னத் திரையில் அப்படித்தான் வரும், காட்டுக்குள் சிக்னலும் எட்டாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ராஜா காது கொடுக்கவில்லை. எழுந்து நின்று உத்தரவு போட்டார்.

"பெரியதில் வருவதெல்லாம் கையில் இருக்கிற சின்னதிலும் வரவேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது. எல்லாம் ஒரே நேரத்தில், கண் மூடித் திறப்பதற்குள் வரவேண்டும். நாளைப் பொழுது சாய்வதற்குள் நடக்காவிட்டால் இவள் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

அவையில் விகடம் பேசுவதையே உத்தியோகமாகக் கொண்ட குழைக்காதருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. புளுகியவர் பதவியில் இருக்க, உண்மை சொன்னவள் மூட்டை கட்டுவதா என்று வயிறு எரிந்தது. ஆனால் ராஜா கோபத்தில் இருக்கும்போது நியாயம் பேசினால் தாமும் ஒரு மூட்டை கட்ட வேண்டிவரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

செண்பகாபுரியில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா நின்றுகொண்டு போட்ட உத்தரவு எந்த ஓர் இலாகாவுக்கும் தனிச் சொந்தம் இல்லை. யாருக்கெல்லாம் பொருந்துகிறதோ அவர்கள் எல்லாரும் நிறைவேற்றியாக வேண்டும். முன்னொரு ராஜா தெருக்களை மனத்தில் வைத்துக்கொண்டு, ஊரில் வளைந்தது எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் நாவிதர்கள் மந்திரிகளின் மீசையையெல்லாம் நிமிர்த்திவிட்டார்கள். இந்த வழக்கத்தை நம்பிக் குழைக்காதர் நேரே மடைப்பள்ளிக்குப் போனார்.

தலைமைச் சமையல்காரர் நல்லகுட்டிக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரிய இலை என்றால் வாழையிலை. கையில் இருக்கிற சின்ன இலை எது என்று குழைக்காதர் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வெத்தலையிலயா? சாம்பாரை எங்க சாமி ஊத்துறது?"

"சாம்பார் வேண்டாம் என்று உத்தரவில் இல்லையே, நல்லகுட்டி."

மறுநாள் மத்தியானம் ராஜா பந்தியில் அமர்ந்தார். வாழையிலை வரவில்லை. இடது உள்ளங்கையில் ஒரு வெற்றிலையை வைத்தார்கள். ராஜா என்ன ஏது என்று கேட்பதற்குள் பரிமாறுகிறவர்கள் மொத்தமாகச் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கரண்டியைக் கவிழ்த்தார்கள். சோறு மடியில் விழுந்தது. சாம்பார் முழங்கை வழியாக இறங்கிப் பட்டு வேட்டியை நனைத்தது. பாயசம் மார்பில் வழிந்தது. அப்பளம் மட்டும் எப்படியோ கிரீடத்தில் தங்கிவிட்டது.

"யாருடைய வேலை இது?" என்று உறுமினார் ராஜா.

குழைக்காதர் கைகட்டி முன்னால் வந்தார். "தாங்கள் நின்றுகொண்டு போட்ட உத்தரவு மகாராஜா. பெரியதில் வருவது எதுவும் குறையவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது."

"சின்ன இலைக்கு இப்படியா பரிமாறுவது? ஒன்றை வைத்து, அதைத் தின்று முடித்த பிறகு அடுத்ததை வைத்தால் என்ன?"

சொல்லிவிட்டு ராஜா நிறுத்தினார். இடுப்பில் செருகியிருந்த கைபேசியைப் பார்த்தார். பிறகு வல்லபதேவரைப் பார்த்தார். வல்லபதேவருக்கு அப்போதுதான் துறைமுகத்தில் அவசர வேலை ஞாபகம் வந்தது. ராஜா அவரை உட்காரச் சொல்லி, வடிவுடையாளை அழைத்துவரச் சொன்னார். உத்தரவை ரத்து செய்தார். துறைமுகப் பதவியைப் பிடுங்கிக்கொண்டு, மைத்துனரை அவளுக்குக் கீழே கோபுரம் ஏறும் வேலையில் போட்டார். அதன் பிறகு, இந்தச் சின்னக் கருவியிடம் உண்மையில் எதைத்தான் எதிர்பார்க்கலாம் என்று அவளைக் கேட்டார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை, பசிதான் இருந்தது.

"சிக்னல் விழுற பக்கமா பார்த்து நிக்கணும் மகாராஜா. ஒரு நேரத்துல ஒண்ணுதான் கேக்கணும். கேட்டுட்டுப் பொறுமையா இருக்கணும். பாதியில நின்னுபோனா முதல்ல இருந்து கேக்கணும். கொஞ்சமா வந்தாலும், வந்தவரைக்கும் லாபம்னு எடுத்துக்கணும்."

ராஜாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இவ்வளவு பொறுமையாக எவன் நிற்பான்?"

குழைக்காதர் சாளரத்தின் திரைச்சீலையை விலக்கிக் கோட்டை வாசலைக் காட்டினார். மனுக்காரர்களின் வரிசை வெயிலில் மதில் ஓரமாக நீண்டு கிடந்தது.

"அவர்கள் நிற்பார்கள் மகாராஜா. தங்களிடம் நின்று பழகியவர்கள்."

ராஜா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வயிறு குலுங்க வந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டுவிட்டு, கோட்டைக் கதவைத் திறக்கச் சொன்னார். மாலையெல்லாம் பாயசம். குழைக்காதர் துடைக்காமலே நின்று வணங்கினார்.