ஒன்பதாவது விதி

வாக்குகளை எண்ணி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் இரண்டாமாண்டு படிக்கும் இசக்கியம்மாள், துறைத் தலைவர் ஞானதிரவியத்தின் அறைக்குள் அனுமதி கேட்காமலே நுழைந்தாள். அவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள், எழுந்தாள், மின்விசிறியைக் கூட்டினாள், ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

துறை மன்றத்தின் செயலாளர் பதவிக்கு நின்று மூன்று ஓட்டில் தோற்றிருந்தாள். ஜெயித்தவன் பெயர் மகாராஜன். மன்னராட்சி ஒழிந்த கதையைப் படிக்கும் துறையில் ஒரு மகாராஜன் ஜெயித்துவிட்டான் என்று மற்றவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதமாக அந்தப் பதவியைத் தவிர வேறு நினைப்பில்லாமல் திரிந்தவள். நூலகத்தை மாலை ஆறு மணிவரை திறந்து வைக்கச் செய்வதில் தொடங்கிப் பத்துப் பக்கத்துக்கு வாக்குறுதி எழுதியிருந்தாள். மகாராஜன் ஒரு வரிகூட எழுதவில்லை. தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம் விடுதிப் பையன்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். பத்துப் பக்கம் பரோட்டாவிடம் தோற்றது.

பரோட்டாக் கதையை அவள் சொல்லி முடித்ததும், அதைத் தடுக்க விதி இருக்கிறதா என்று ஞானதிரவியம் கேட்டார்.

இல்லை. இருந்தால் அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். மன்றத்தின் விதிகளைப் போன வருடம் எழுதியவளே அவள்தான். கோலப்போட்டி ஆகட்டும் பேச்சுப்போட்டி ஆகட்டும், நோட்டீஸின் கடைசி வரியில் நடுவர் தீர்ப்பைப் பற்றிப் போடுவார்களே, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை, ஒன்பதாவது விதியாக அதையே போட்டுவைத்தது: துறைத் தலைவரின் முடிவே இறுதியானது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. இன்றைக்கு அது சாமி கொடுத்த வரமாகத் தெரிந்தது.

"அந்த விதிப்படி நீங்க தேர்தலை ரத்து பண்ணலாம் சார். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம்."

"யாருக்குமா?"

"யாருக்கும்."

ஞானதிரவியம் துறையின் லெட்டர் பேடை எடுத்து எழுதினார். தேர்தல் ரத்து. அவர் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் பேனாவை மூடவில்லை. முதலாமாண்டு மாணவி கிறிஸ்டபெல் செயலாளராக நியமிக்கப்படுகிறார் என்று அடுத்த வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கிறிஸ்டபெல்லா? உங்க மச்சினர் மகளா சார்?"

"நல்ல பிள்ளைம்மா. யாருக்கும் பரோட்டா வாங்கிக் குடுக்காது."

"அவ தேர்தல்ல நிக்கவே இல்லையே."

"நிக்கணும்னு எந்த விதியில போட்டிருக்க?"

இசக்கியம்மாள் பையிலிருந்து விதித்தாளை எடுத்துப் பிரித்தாள். விரல் வரிவரியாக இறங்கியது. போட்டியிட்டவர்தான் பதவிக்கு வர வேண்டும் என்று இரண்டாவது விதியில் இருந்தது. ரகசிய வாக்கு இருந்தது. மேல்முறையீடுகூட இருந்தது. எட்டு விதியையும் இரண்டு ராத்திரி கண்விழித்து எழுதியிருந்தாள். ஒன்பதுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் அந்த எட்டில் ஒன்றுக்கும் உயிர் இல்லை.

முகம் சுருங்கிவிட்டது. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இது அநியாயம் சார்."

"ஆமா, அநியாயம்தான்," என்றார் ஞானதிரவியம். உத்தரவை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். "ஆனா இறுதியானது. நீயே கொண்டுபோய் நோட்டீஸ் போர்டுல ஒட்டிரு."